பதிவேட்டில் சுருங்கிய எழுத்து

உருட்டி முடித்த கொழுந்து பரப்பிக் கிடக்கும் மேசைக்கருகே நின்று, அது பதமாகிவிட்டதா இல்லையா என்பதை மூக்கால் அறிந்து சொல்வதுதான் பத்து வருடங்களுக்கும் மேலாக என் வேலையாக இருந்தது. நாங்கள் நொதிப்பு என்று சொல்வது உண்மையில் ஒட்சியேற்றம். பச்சை இலையின் வாடை அடங்கி, கனிந்த பழத்தை நினைவூட்டும் ஒரு வாசம் எழும் அந்த நேரத்தில் தூளை டிரையருக்கு அனுப்பிவிட வேண்டும். பிந்தினால் தேநீரில் நிறம் இருக்கும், உயிர்ப்பு இருக்காது. இலங்கை மலையகத்தில் ஹட்டனுக்கு அப்பால் உள்ள ஒரு தோட்டத்து ஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், உதவி டீமேக்கராக இருக்கும் எனக்கு, 2018 ஆம் ஆண்டின் பிற்பகுதியில் அந்த வாசம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து, அடுத்த வருடம் சித்திரைப் புத்தாண்டுக்குள் முற்றாக இல்லாமல் போனது. என் வயது அப்போது 37.

இதை நான் ஒருவரிடமும் சொல்லவில்லை. மணம் தெரியாத டீமேக்கரைத் தோட்டத்தை நிர்வகிக்கும் துரை எத்தனை நாள் வைத்திருப்பார் என்ற பயம் ஒரு காரணம். தடிமன் போனதும் திரும்பி வந்துவிடும் என்ற நம்பிக்கை மற்றொரு காரணம். கடிகாரத்தையும் வெப்பமானியையும் தூளின் செம்பு நிறத்தையும் வைத்துக் கணக்குப் பார்த்து, என்னோடு வேலை செய்த மூத்த தொழிலாளி ஒருவரின் முகத்தையும் கவனித்து நாட்களை ஓட்டினேன். மனைவியின் வற்புறுத்தலால் காட்டியபோது பீனிசம் என்று சொல்லி மூக்குக்கு அடிக்கும் மருந்து தந்தார்கள். 2021 இல் வீட்டில் எல்லோருக்கும் கொவிட் வந்து போன பிறகு, மணம் போனதற்குக் காரணம் அதுதான் என்று எல்லோரும் முடிவு கட்டிவிட்டார்கள். அதற்கு இரண்டு வருடம் முன்பே போய்விட்டது என்பதை அறிந்திருந்த ஒரே ஆள் நான். நானும் வாய் திறக்கவில்லை. அந்த மௌனம் எனக்கு எத்தனை காலத்தை இழக்கச் செய்தது என்பதைப் பின்னால்தான் உணர்ந்தேன்.

அடுத்ததாக வந்தது வலது தோள் வலி. கையைத் தலைக்கு மேல் தூக்க முடியவில்லை. சட்டையின் கைக்குள் கையை நுழைக்க மனைவி உதவ வேண்டியிருந்தது. மூட்டு இறுகிவிட்டது என்று சொல்லி ஊசி போட்டார்கள், பயிற்சி கொடுத்தார்கள். வலி சற்றுக் குறைந்தது. ஆனால் கையின் மந்தம் குறையவில்லை. பின்னால் எனக்கு இருப்பதாகத் தெரியவந்த, அசைவை மந்தமாக்கும் பார்க்கின்சன் நோய் இளவயதில் வரும்போது பலருக்கு முதலில் தோள் இறுகுவதும், அது வெறும் மூட்டு வருத்தமாகவே கருதப்படுவதும் வழக்கம் என்பதை இப்போது அறிவேன். முப்பத்தெட்டு வயதுக்காரன் ஒருவன் தோள் வலிக்கிறது என்று வந்தால் மூட்டைப் பார்ப்பதுதான் முறை; அதற்காக யாரையும் நான் குறை கூற மாட்டேன்.

இங்கே ஒரு சொல்லைப் பற்றி எழுதியே ஆக வேண்டும். ‘கை விறைக்கிறது’ என்றுதான் என் வருத்தத்தை நான் எல்லா இடத்திலும் சொன்னேன். நான் நினைத்தது, கை மரக்கட்டையைப் போல இறுகி மடங்க மறுக்கிறது என்பதை. ஆனால் பல் பிடுங்குவதற்கு முன் போடும் ஊசியையும் விறைப்பூசி என்றுதான் எங்கள் பக்கத்தில் சொல்கிறோம். உணர்ச்சி மரத்துப் போவதற்கும், இறுகிப் போவதற்கும் எங்களிடம் இருப்பது ஒரே சொல். ஒரு கிளினிக்கில் எனக்காக மொழிபெயர்த்த பிள்ளை, உணர்ச்சியற்றுப் போகிறது என்று சிங்களத்தில் சொல்ல, வைத்தியரும் அதையே கொப்பியில் எழுதினார். எனக்குச் சிங்களம் தெரியும். ஆனால் அந்த நேரத்தில் அது பெரிய வித்தியாசமாகப் படவில்லை. அதன் பின் கழுத்து எக்ஸ்ரே, மணிக்கட்டு நரம்பில் மின்சாரம் செலுத்திப் பார்க்கும் பரிசோதனை என்று ஏறத்தாழ ஒரு வருடம் அந்தச் சொல்லின் பின்னாலேயே போய்விட்டது. எல்லா அறிக்கைகளும் சரியாக இருந்தன, நான் மட்டும் சரியாக இல்லை.

லயத்துப் படிகளில் இறங்கும்போது உடல் தடுமாறுவதாகவும் ஒருமுறை சொல்லியிருந்தேன். தலைச்சுற்று என்று கருதி, தனியார் மருத்துவ நிலையம் ஒன்றில் சின்னரிசின் மாத்திரை எழுதித் தந்தார்கள். எங்கள் மலைப்பாதை பஸ்களில் வாந்தி வராமலிருக்கப் பலர் விழுங்குகிற, எல்லோரும் அறிந்த மாத்திரைதான் அது. எப்போதாவது ஒன்று என்பது வேறு விடயம். நானோ அந்தத் துண்டைக் காட்டிக் காட்டி ஒன்றரை வருடம் நாள் தவறாமல் எடுத்தேன்; நிறுத்தும்படி ஒருவரும் சொல்லவில்லை. அந்த மருந்து, உடலின் அசைவுக்குத் தேவையான டோபமைன் என்ற இரசாயனம் மூளையில் செயற்படுவதைத் தடுக்கக் கூடியது என்பதும், நீண்டகாலம் எடுத்தால் அதுவே பார்க்கின்சனைப் போன்ற தோற்றத்தை உண்டாக்கும் என்பதும் எனக்குத் தெரியவந்தது கண்டியில்.

2022 இல் பொருளாதார நெருக்கடியால் நாடே நின்றுபோனது. எரிபொருள் இல்லை, பஸ் இல்லை, ஆஸ்பத்திரிகளில் மருந்து இல்லை. குறித்த கிளினிக் நாட்கள் இரண்டைத் தவறவிட்டேன். அந்த வருடத்தில்தான் பெரிய கிளாக்கர் என்னைக் கூப்பிட்டு, தொழிற்சாலைப் பதிவேட்டைத் திறந்து வைத்து, ‘தம்பி, இதை வாசிக்கக் கண்ணாடி போதாது, பூதக்கண்ணாடி வேண்டும்’ என்றார். இலையை வாட்டிய நேரம், உருட்டிய நேரம், டிரையர் வெப்பநிலை என்று ஒவ்வொரு நாளும் நானே எழுதிய பக்கங்கள். வரியின் தொடக்கத்தில் எழுத்துக்கள் வழமையான அளவில் இருந்தன. போகப்போகக் குறுகி, வரி முடியும் இடத்தில் எறும்பு ஊர்ந்தது போல இருந்தன. பழைய பதிவேடுகளைத் திருப்பிப் பார்த்தேன். 2017 இல் என் எழுத்து உருண்டு திரண்டு கட்டத்தை நிரப்பியிருந்தது. 2020 இல் கட்டத்தின் பாதி. அதன்பின் இன்னும் சிறிது. ஐந்து வருடமாக என் உடலில் நடந்தது, திகதியும் கையொப்பமும் இட்டு அங்கே எழுதப்பட்டிருந்தது. அந்தப் பக்கங்களைத் தொலைபேசியில் படம் பிடித்துக்கொண்டேன். எதற்காகப் பிடித்தேன் என்று அப்போது தெரியாது.

கை நடுங்கத் தொடங்கியது அதற்கும் பிறகுதான். 2023 ஜனவரிக் குளிரில், சும்மா மடியில் கிடந்த வலது கையின் பெருவிரல் தானாக அசைந்தது. குளிர் என்று எண்ணினேன். மாசி மாதம் வெயில் வந்தும் நிற்கவில்லை. தோட்டத்தில் நாற்பது வயது ஆணின் கை நடுங்கினால் அதற்கு ஒரே விளக்கம்தான் உண்டு. ‘டீமேக்கர் ஐயா களவாகக் குடிக்கிறார்’ என்று பேசிக்கொண்டார்கள். வாழ்நாளில் ஒரு சொட்டுக் குடித்தறியாதவன் நான். அந்தப் பேச்சு பாடசாலையில் என் மகளின் காதுவரை போனதுதான் இன்றும் ஆறாமல் இருக்கிறது. நாட்டமின்றி உட்கார்ந்திருக்கும் என் முகத்தைப் பார்த்து அவளும், ‘அப்பா, ஏன் எந்நேரமும் கோவமாவே இருக்கீங்க?’ என்று கேட்பாள். எனக்குக் கோபம் இல்லை. முகத்தின் தசைகளே அசைவிழந்துகொண்டிருந்தன என்பதை நாங்கள் இருவருமே அறியவில்லை.

அம்மா ஸ்டோரின் காவல் தெய்வமான ரோதமுனிக்கு நேர்ந்துகொண்டார். இரவில் நான் கனவு கண்டு கத்தி, கை காலை உதைத்து, ஒருமுறை மனைவியின் கன்னம் கன்றும்படி அடித்துவிட்டதால் கோடாங்கியிடம் மந்திரித்து நூலும் கட்டினார். கனவில் தேயிலைச் செடிகளுக்குள் சிறுத்தை ஒன்று என்னைத் துரத்தும். நான் அதைத்தான் உதைத்தேன். இடையில் ஒரு வைத்தியர், இது பரம்பரை நடுக்கம் என்று சொல்லி புரோப்பிரனோலோல் கொடுத்தார். அந்த வகை நடுக்கம் கோப்பையைத் தூக்கும்போதும் எழுதும்போதும் வரும், பெரும்பாலும் இரு கைகளிலும் வரும். என் நடுக்கமோ கை ஓய்ந்திருக்கும்போது வந்தது, ஒரு கையில் மட்டும் வந்தது, கோப்பையைத் தூக்கியதும் அடங்கியது. இந்த வேறுபாட்டை யாராவது கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

சரியான வழியைக் காட்டியவர் எங்கள் தோட்டத்து டிஸ்பென்சரி டொக்டர் ஐயா. பட்டம் பெற்ற வைத்தியர் அல்லர், தோட்ட மருத்துவ உதவியாளர். அவர் வீட்டு வாசலைக் கடந்துதான் நான் தினமும் ஸ்டோருக்கு ஏறுவேன். ஒரு காலையில் என்னை நிறுத்தி, ‘ஒங்க வலது கை நடக்கிறப்போ வீசவே இல்லையே, ஒரு வருஷமா பாத்துக்கிட்டிருக்கேன்’ என்றார். வலது காலும் சற்று இழுபடுவதாகச் சொன்னார். குளிர்காலைகளில் அந்தக் காலின் விரல்கள் தாமாகவே உள்ளே மடங்கிப் பிடித்துக்கொள்ளும் என்பதை அப்போதுதான் முதன்முதலாக ஒருவரிடம் சொன்னேன். அவர் கண்டி தேசிய வைத்தியசாலையின் நரம்பியல் கிளினிக்குக்குக் கடிதம் எழுதித் தந்து, மனைவியை அழைத்து, வீட்டிலுள்ள எல்லாக் கிளினிக் கொப்பிகளையும் மாத்திரை அட்டைகளையும் ஒரே பையில் போட்டுக் கொண்டுபோகச் சொன்னார். மூக்குக்கு ஒரு கொப்பி, தோளுக்கு ஒன்று, நரம்புக்கு ஒன்று, தலைச்சுற்றுக்கு ஒரு கட்டுத் துண்டுகள். அன்றுவரை அவை ஒன்றையொன்று சந்தித்ததே இல்லை.

ஜேம்ஸ் பார்க்கின்சன் என்ற ஆங்கிலேய வைத்தியர் 1817 ஆம் ஆண்டு இந்த நோயைப் பற்றி எழுதிய சிறு நூலில் விவரிக்கப்பட்டவர்கள் ஆறு பேர்தாம். அவர்களிலும் சிலரை அவர் தெருவில் கண்டுதான் எழுதினார் என்று பிறகு வாசித்தபோது, டொக்டர் ஐயா தம் வாசலில் நின்ற காட்சி எனக்கு நினைவுக்கு வந்தது.

மார்ச் மாதத்தில் அதிகாலை பஸ்ஸில் கினிகத்தேனை, நாவலப்பிட்டி, கம்பளை வழியாகக் கண்டிக்குப் போனோம். நரம்பியல் நிபுணர் ஒரு சிங்களப் பெண்மணி. பொறுமையாக இருந்தார், அவசரப்படவில்லை. பையிலிருந்த எதையும் முதலில் அவர் தொடவில்லை. என்னை எழுந்து நடைபாதையின் கடைசிவரை போய்த் திரும்பி வரச் சொன்னார். பின்பு பெருவிரலையும் சுட்டுவிரலையும் அகல விரித்து வேகமாகத் தட்டச் சொன்னார். இடது கை ஒழுங்காகத் தட்டியது. வலது கை முதல் ஐந்தாறு தட்டுக்களை நன்றாகத் தட்டிவிட்டு, சிறுத்துச் சிறுத்து, இடையில் நின்றுபோனது. என் பதிவேட்டின் வரியைப் போலவே அது இருந்தது. தொலைபேசியை எடுத்து அந்தப் படங்களைக் காட்டினேன். ஒவ்வொன்றாகப் பெரிதாக்கிப் பார்த்து, வருடங்களைக் கேட்டுக் குறித்துக்கொண்டார்.

என் மணிக்கட்டைப் பிடித்துச் சுழற்றிக்கொண்டே, மறு கையை மூடி மூடித் திறக்கச் சொன்னார். மணிக்கட்டு வழுக்கிச் செல்லாமல் விட்டு விட்டுத் தடங்கியது. பற்சில்லு போலத் தெரிகிறதா என்று அவர் கேட்டபோது விளக்கம் எனக்குத் தேவைப்படவில்லை. பல் தேய்ந்த சில்லைக் கையால் சுற்றிப் பார்த்த அனுபவம் ஸ்டோரில் எனக்கு நிறைய உண்டு. கைகளை மடியில் வைத்து நூறிலிருந்து ஏழு ஏழாகக் குறைத்துச் சொல்லச் சொன்னார். மனம் கணக்கில் போனதும் பெருவிரல் நடுங்கத் தொடங்கியது. ‘விறைப்பு’ என்று நான் சொன்னது எதை என்று, சொல்லை விட்டுவிட்டு, கையால் செய்து காட்டச் சொன்னார். இதற்கு முன் ஒருவரும் அப்படிக் கேட்கவில்லை.

அதன் பிறகு அவர் கேட்ட கேள்விகள் எனக்குத் தொடர்பற்றவையாகத் தோன்றின. மலச்சிக்கல் உண்டா? தூக்கத்தில் கத்துவீர்களா? முகம் கோபமாக இருக்கிறது என்று யாராவது சொல்கிறார்களா? மணம் தெரிகிறதா? கடைசிக் கேள்வியில் நான் தலை குனிந்தேன். ஐந்து வருடமாக மறைத்து வைத்ததை மனைவியின் முன்னிலையில், வேறு மொழியில், முதன்முறையாகச் சொன்னேன். மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டார். வைத்தியர் அதைக் கொப்பியில் எழுதி அடிக்கோடிட்டார். மணம் இழத்தலும், கனவில் கை கால் உதைத்தலும், மலச்சிக்கலும் நடுக்கத்துக்குப் பல வருடங்கள் முன்னரே தொடங்கக் கூடியவை என்றார்.

அன்று அவர் நோயின் பெயரைச் சொல்லவில்லை. அதற்காக அவரை நான் மதிக்கிறேன். சின்னரிசினை உடனே நிறுத்தினார். புரோப்பிரனோலோலைப் படிப்படியாகக் குறைக்கச் சொன்னார். மாத்திரையால் வந்த தோற்றமாக இருந்தால் சில மாதங்களில் விலக வேண்டும், அதுவரை முடிவு சொல்வது சரியல்ல என்றார். என் வயதில் கட்டாயம் தேட வேண்டிய இன்னொரு நோய் வில்சன் நோய். உடலில் செம்பு தேங்கி, ஈரலையும் மூளையையும் பாதிக்கும் பரம்பரை நோய் அது. பார்க்கின்சனைப் போலவே தோன்றலாம், ஆனால் அதற்கு வேறு மருந்து உண்டு. காலம் தாழ்த்தாமல் பிடித்தால் சேதத்தைத் தடுக்கலாம். அதற்காக இரத்தம் எடுத்தார்கள். கருவிழியின் ஓரத்தில் செம்பு வளையம் தெரிகிறதா என்று கண் கிளினிக்கில் பார்த்தார்கள். 24 மணி நேரச் சிறுநீரைச் சேகரித்துத் தரச் சொன்னார்கள். அந்தக் கலனைத் துணிப்பையில் சுற்றி மனைவி மடியில் வைத்துக்கொண்டு மூன்று மணி நேரம் பஸ்ஸில் வந்தார். தைரொயிட் பரிசோதனை, எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எல்லாமே சரியாக இருந்தன. மூளைப் படம் சுத்தமாக இருப்பதால் நோய் இல்லை என்று நான் மகிழ்ந்தேன். சாதாரண எம்.ஆர்.ஐ. இந்த நோயைக் காட்டுவதற்கு எடுக்கப்படுவதன்று, கட்டி போன்ற வேறு காரணங்கள் இல்லை என்று உறுதிப்படுத்தவே எடுக்கப்படுகிறது என்பதை வைத்தியர் இரண்டு தடவை விளக்க வேண்டியிருந்தது.

ஆறு மாதம் காத்திருந்தோம். நடுக்கம் விலகவில்லை, கூடியது. செப்டெம்பரில் மறுபடி பரிசோதித்த பிறகே, இளவயதில் தொடங்கிய பார்க்கின்சன் நோய் என்று சொன்னார். பெரும்பாலோருக்கு அறுபது வயதை அண்டித் தொடங்குவது, 50 வயதுக்கு முன் தொடங்கினால் அப்படிக் குறிப்பிடுவார்கள். எனக்கு 42. மூளையின் அடிப்பகுதியில் கருமையாகத் தெரியும் ஒரு சிறு இடத்தில் டோபமைனைச் சுரக்கும் உயிரணுக்கள் அழிந்துவருகின்றன. அவற்றில் கணிசமான பங்கு போன பிறகுதான் கை தன் மந்தத்தைக் காட்டுகிறது. தமிழில் நடுக்குவாதம் என்று எழுதுகிறார்கள். அந்தப் பெயர் என்னைப் போன்றவர்களுக்குத் துணை செய்யவில்லை என்பது என் கருத்து, ஏனெனில் நடுக்கம் எனக்கு வந்தது கடைசியில். சிலருக்கு வருவதே இல்லை. மந்தம்தான் இந்த நோயின் அச்சு. அசைவு மந்தமாக இருந்து, அதோடு விறைப்போ ஓய்வுநிலை நடுக்கமோ இருந்தால்தான் வைத்தியர்கள் இந்த நோயைப் பற்றியே யோசிக்கத் தொடங்குகிறார்கள்.

கொப்பியில் ஒரு பெயர் எழுதப்பட்டதைப் பார்த்தபோது மனம் உடைந்ததா என்று பலர் கேட்டார்கள். உடைந்தது. ஆனால் வீடு திரும்பிய இரவில் மனைவி மகளைப் பக்கத்தில் இருத்தி, அப்பா குடிக்கவில்லை, இதுதான் வருத்தம் என்று அந்தக் கொப்பியையே காட்டியதை நினைக்கும்போது, அந்தப் பெயர் எனக்கு வேறொன்றையும் தந்தது என்பதை மறுக்க முடியாது.

லெவோடோபாவும் கார்பிடோபாவும் சேர்ந்த மாத்திரையைச் சிறிய அளவில் தொடங்கினார்கள். இளவயதில் தொடங்குபவர்களுக்கு, இந்த மருந்தால் வருடங்கள் செல்லச் செல்ல உடல் தானாக நெளியும் அசைவுகள் சீக்கிரமே வரக்கூடும் என்பதால் அளவை மிகவும் யோசித்துத்தான் கூட்டுகிறார்கள். பருப்பு, மீன், முட்டையில் உள்ள புரதம் மருந்து உறிஞ்சப்படுவதோடு போட்டியிடும் என்பதால் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்பு, வெறும் தண்ணீரோடு எடுக்கிறேன். மூன்றாவது வாரம் ஒரு காலையில் சட்டைப் பொத்தான்களை நானே போட்டு முடித்திருந்ததை, முடித்த பிறகுதான் கவனித்தேன். ஸ்டோருக்கு ஏறும்போது டொக்டர் ஐயா வாசலில் நின்று, ‘கை வீசுதுங்க’ என்றார். மருந்துக்கு உடல் இப்படித் தெளிவாகப் பதில் சொல்வதும் நோய் இதுதான் என்பதற்கு ஒரு சான்று என்று அடுத்த கிளினிக்கில் வைத்தியர் எழுதிக்கொண்டார்.

‘அப்பாவும் அம்மாவும் சொந்தத்தில் கட்டினவர்களா?’ என்றும் அவர் கேட்டிருந்தார். அப்பாவுக்கு அம்மா சொந்த மாமன் மகள். 1998 இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் கண்டுபிடித்த பார்க்கின் என்ற மரபணு, தாய் தந்தை இருவரிடமிருந்தும் பழுதாக வந்தால் இளவயதில் இந்த நோய் தோன்றக்கூடும். அதனால் அந்தக் கேள்வி. ஆனால் அந்த மரபணுவால் நோய் வருபவர்களுக்கு மணம் அறியும் திறன் பெரும்பாலும் கெடுவதில்லை, உங்களுக்குக் கெட்டிருப்பதால் அது காரணமாக இருக்க வாய்ப்புக் குறைவு என்றார். மரபணுப் பரிசோதனையின் முடிவு இப்போதைய சிகிச்சையை மாற்றாது என்பதால் செய்யவில்லை. அம்மாவிடம் இந்தக் கேள்வியைப் பற்றி நான் சொல்லவில்லை. தன் கல்யாணத்தால்தான் மகனுக்கு இப்படி ஆனது என்று அவர் ஒரு நாளும் நினைக்கக் கூடாது.

மணம் திரும்பி வரவில்லை, இந்த மருந்தால் வராது என்றும் சொல்லிவிட்டார்கள். துரையிடம் நானே போய் உள்ளதைச் சொன்னேன். நொதிப்புப் பகுதியிலிருந்து வாட்ட மாடிக்கு என்னை மாற்றினார். அங்கே இலையின் பதத்தை உள்ளங்கையில் பிடித்து அழுத்திப் பார்க்க வேண்டும், இடது கை அதற்கு நன்றாகவே பழகிவிட்டது. ஒவ்வொரு மாதமும் முதலாம் திகதி கிளினிக் கொப்பியின் பின்பக்கத்தில் ஒரே வரியை எழுதி வரும்படி வைத்தியர் சொல்லியிருக்கிறார், எழுத்தின் அளவைப் பார்த்து மருந்தைத் தீர்மானிக்க. ‘இன்றைய வாட்டம் சரி’ என்று எழுதி வருகிறேன். போன மாதம் கடைசிச் சொல் சற்றுச் சிறுத்திருந்தது. வரும் செவ்வாய்க்கிழமை கொண்டுபோய்க் காட்ட வேண்டும்.